பாரிசிலிருந்து ஒஸ்லோவுக்கு இரண்டேகால் மணித்தியாலம்

எங்கள் குடும்பத்தில் யார் எங்கே பறப்பதென்றாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். சூரிச்சுக்குக் காலைப் பிளேன் நல்லதா, மாலைப் பிளேன் நல்லதா, லண்டனில் எந்த எயார்போர்ட்டில் இறங்கினால் மாமி வீடு கிட்ட, எல்லாம் எனக்கு மனப்பாடம். இத்தனைக்கும் நான் ரிக்கற் விற்கிறவள் இல்லை. மொன்றியலில் ஒரு வெளுப்புத் தொழிற்சாலையில் நின்று ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளை மடிக்கிறவள். ஆனாலும் "மலரிட்டக் கேளுங்கோ, அவளுக்குத் தெரியும்" என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. மற்றவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் அருமைநாதன் அண்ணை, பாரிசில். நடுவில் நான், சிவமலர். கடைசி தியாகலிங்கம், எங்களுக்குத் தியாகு, ஒஸ்லோவில். பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் இடையில் ஆயிரத்து முன்னூற்று நாற்பது கிலோமீற்றர். பிளேனில் இரண்டேகால் மணித்தியாலம். பனி கொட்டுகிற நாளில் இங்கே எங்கள் ஊரில் லவாலிலிருந்து புவாண்ட்-கிளேருக்கு மெற்றோவும் பஸ்சும் மாறிப் போக எனக்கு அதே நேரம் எடுத்திருக்கிறது. அந்தத் தூரத்தை அண்ணனும் தம்பியும் பதினொரு வருடமாகக் கடக்கவில்லை.

காரணம், அண்ணையின் மகள் வித்தியா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீடு. தியாகு அதற்கு வரவில்லை. வேலையில் லீவு தரவில்லை என்றான். "கனடாவில இருந்து நீ வந்து நிக்கிறாய். அவனுக்கு ரெண்டேகால் மணித்தியாலம் கஸ்ரமாக் கிடக்கோ?" என்று அண்ணை மண்டபத்தில் நின்று கத்தினார். அதைக் கேள்விப்பட்ட தியாகு, "அண்ணைக்கு நான் தேவையில்லை, வீடியோவில நிக்க ஒரு ஆள்தான் தேவை" என்றான். அதைக் கொண்டுபோய் அண்ணையின் காதில் போட்டவள் வேறு யாருமில்லை, நான்தான். கோபம் ஆறட்டும், உண்மையைப் பேசித் தீர்க்கட்டும் என்று நினைத்தேன். தீர்ந்தது கதை பேச்சுத்தான்.

இந்த வருடம் வித்தியாவுக்குக் கலியாணம். அண்ணை ஒஸ்லோவுக்குக் கார்ட் அனுப்பினார், தபாலில். எங்கள் சனத்துக்குக் கார்ட் வெறும் கடதாசி. வாயால் சொன்னால்தான் அழைப்பு. தியாகு கோபப்படுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் ஏப்ரலில் ஒரு நாள் போனில் என்னை எடுத்தான்.

"அக்கா, கலியாணத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை ஒரு பிளேன் பாத்துத் தா. அவர் சொல்லாட்டிலும் நான் போப்போறன். முன்னால போய் நிண்டா அடிக்கவே போறார்?"

"அடிச்சாலும் வாங்கு" என்றேன்.

சிரித்தான். அண்ணைக்குச் சொல்ல வேண்டாம், போய் நிற்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்றான். நான் நல்ல நேரத்துப் பிளேனாகப் பார்த்துக் கொடுத்தேன். ராகுகாலம் தவிர்த்து.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தியாகு ஆஸ்பத்திரியில் படுத்தான். முதலில் நுரையீரலில் கிருமி என்றார்கள், பிறகு இருதயம் என்றார்கள். அண்ணைக்குச் சொல்லக்கூடாது, கலியாணவீடு குழம்பிவிடும் என்று அவனே சொன்னான். அவனுடைய மனைவி சிவநேசமும் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். நானோ முழங்கால் மூட்டு மாற்றி ஐந்தாவது கிழமை. நீண்ட பிளேன் பயணம் கூடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டதால் என் மகள் வினோஜா மட்டும் பாரிசுக்குப் போயிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியக் கொஞ்சம் முதல், கலியாணத்தை லைவில் பார்ப்பதற்காகக் காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு இரண்டு போனோடு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நாலே முக்கால் என்றால் அவர்களுக்குப் பத்தே முக்கால். இனி நான் சொல்கிற நேரமெல்லாம் அவர்களுடைய நேரம்தான். அன்றைக்கு நான் இருந்ததும் அந்த நேரத்தில்தான். முகூர்த்தம் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில். அப்போதுதான் சிவநேசம் எடுத்தாள்.

"மச்சாள், டொக்டர்மார் கூப்பிட்டுக் கதைச்சவை. இண்டைக்குத் தாண்டாதெண்டு சொல்லுகினம். பின்னேரம் வரைக்கும் பாக்கலாமாம்."

அவள் அழவில்லை. அழ நேரமில்லாதவள் மாதிரி வேகமாகச் சொன்னாள்.

"அவர் விடியத் தொடக்கம் அண்ணையைத்தான் கேக்கிறார். அண்ணைக்கு என்னோட கோவம் ஆறினதோ எண்டு கேக்கிறார். சொல்லுங்கோ மச்சாள், என்ன செய்யிறது?"

என் கணவர் அரியரத்தினம் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். அன்றைக்கும் வேலை. சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உடன அருமைநாதன் அண்ணையிட்டச் சொல்லு" என்றார். "அது அவற்ற தம்பி, அவற்ற பிள்ளை. எதை விடுறது எதைப் பிடிக்கிறதெண்டு அந்த மனுசன் முடிவெடுக்கட்டும்."

"உங்களுக்கு எங்கட குடும்ப விசயம் விளங்காது."

"ஓமோம், இருபத்தெட்டு வருசமா விளங்கேல்லைத்தான்" என்றுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு பிளேன். இந்த நிமிடம் சொன்னால் அண்ணை மணவறையை விட்டு எழும்பி ஓடவேண்டும். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கவேண்டிய தகப்பன். அவர் எழும்பினால் சபை எழும்பும், ஏன் என்று கேட்கும். போகிற வழியில் தம்பி போய்விட்டான் என்று செய்தி வந்தால் துடக்கு, சாவுத் தீட்டு. காப்புக் கட்டிவிட்டால் துடக்கில்லை என்று ஐயர் சொல்வார், சரி, சனத்தின் வாய்க்கு யார் காப்புக் கட்டுவது? செத்தவீட்டில் கட்டின தாலி என்று அந்தப் பிள்ளையைக் காலம் முழுக்கச் சொல்வார்கள். அதற்கடுத்த பிளேன் மூன்று பத்துக்கு இருந்தது. தாலி ஏறின கையோடு சொன்னால் அண்ணை ஐந்தரைக்கு ஒஸ்லோவில் இறங்குவார். டொக்டர் பின்னேரம் வரை என்றார். ஐந்தரையும் பின்னேரம்தானே. இரண்டும் நடக்கும். கலியாணமும் நடக்கும், அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"தாலி கட்டினாப் பிறகு சொல்லுவம், நேசம். போனை அவன்ர காதில வையும்."

வைத்தாள். மூச்சு முதலில் கேட்டது. பிறகு, "அக்கா... அண்ணை..." என்றான்.

அப்படியே நிறுத்தியிருக்கலாம். அண்ணை பின்னேரம் வருவார் என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னேரம் என்ற சொல் அவனுக்கு மிகத் தூரமாக இருக்கும்போல் பட்டது.

"அண்ணை வெளிக்கிட்டிட்டாரடா" என்றேன். "விசயம் கேள்விப்பட்டவுடனேயே எழும்பிட்டார். எயார்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்."

"கலியாணம்?"

"அது நடக்கும். பெண்ணின்ர அம்மான் தாரைவாக்கிறார். தம்பிக்குப் பிறகுதான் எல்லாம் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

நேசம் போனை வாங்கி, "அழுகிறார் மச்சாள், ஆனால் முகம் வேற மாதிரி இருக்கு" என்றாள். பின்னால் அவன் ஏதோ கேட்டான். எந்தப் பிளேன் என்று கேட்கிறாராம். பன்னிரண்டு ஐம்பது என்றேன்.

"அப்ப மூண்டு அஞ்சுக்கு இறங்கும்" என்று தியாகுவின் குரல் கேட்டது. அவனும் என் தம்பிதானே, கணக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதன்பிறகு ஒரு போனில் கலியாணம், மறு போனில் ஆஸ்பத்திரி. கண்ணுக்கு முன்னால் அண்ணை பட்டு வேட்டியோடு வித்தியாவின் கையைப் பிடித்துத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். காதில் அதே அண்ணை எயார்போர்ட்டில் செக்கிங்கில் நின்றுகொண்டிருந்தார். நேசம் அங்கே லைவைப் போட்டுவிடக்கூடாது என்று சொல்லிவைத்தேன். தியாகு கேட்டால் நெற் வேலை செய்யவில்லை என்று சொல்லச் சொன்னேன். பன்னிரண்டு இருபதுக்குத் தாலி ஏறியது. கெட்டிமேளம் முழங்க, என் வீட்டில் நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வினோஜாவை எடுத்து விசயத்தைச் சொல்லி, மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன்.

"காலமையே தெரியுமோ உங்களுக்கு?" என்றாள் அவள். "ஸே பா கொறெக்ட், மம்மா. ஸே வ்றேமோ பா கொறெக்ட்." சரியில்லை, நீங்கள் செய்தது சரியே இல்லை என்கிறாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும்.

பத்து நிமிடத்தில் அண்ணை எடுத்தார். திட்டுவார் என்று இருந்தேன். "அடுத்த பிளேன் எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"மூண்டு பத்துக்கு. இப்பவே போட்டுத் தாறன் அண்ணை."

போட முடியவில்லை. யூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஒரு இருக்கைகூட இல்லை. காலையிலேயே பார்த்துப் பிடித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் என் கெட்டிக்கார மூளைக்கு வரவில்லை. மிச்சம் இருந்தது ஆறு இருபதுப் பிளேன்தான். அது எட்டு முப்பத்தைந்துக்கு இறங்கும். அதில் போட்டேன். அண்ணை உடுப்பு மாற்றவுமில்லை. யாராவது வராமல் விட்டால் அந்த மூன்று பத்துப் பிளேனில் இடம் கிடைக்கும் என்று கலியாண வேட்டியோடேயே எயார்போர்ட்டுக்கு ஓடினார். கிடைக்கவில்லை.

அதற்குள் ஒஸ்லோவில் என் பிளேன் பறந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பியாயிற்று என்றேன். ஒன்றரைக்கு ஒல்லாந்துக்கு மேல் என்றேன். இரண்டு பத்துக்குக் கடல். இரண்டே முக்காலுக்கு டென்மார்க் தாண்டியிருக்கும் என்றேன். ஒவ்வொரு முறையும் நேசம் அவனுக்குச் சொல்ல, அவன் கண்ணைத் திறந்து தலையாட்டினானாம். நாடித்துடிப்புக் காலையைவிட நல்லாயிருக்கிறது என்று நேர்ஸ் சொன்னாளாம். நீர் இங்கே வந்ததிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை என்றாளாம். உண்மையைச் சொல்லவேண்டும், எனக்குப் பெருமையாக இருந்தது. டொக்டர்மாரால் முடியாததை நான் மொன்றியலில் கதிரையில் இருந்து செய்கிறேன் என்று நினைத்தேன்.

மணி மூன்று ஐந்தானது.

"இறங்கியாச்சோ எண்டு கேக்கிறார், மச்சாள்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகுக்கு ஆயுள் இரண்டேகால் மணித்தியாலம்தான். அதற்கு மேல் ஒரு பிளேனை வானத்தில் பிடித்துவைக்க என்னால் முடியவில்லை. மூடுபனி என்று சொல்லலாம் என்று பார்த்தால், அவனுடைய படுக்கைக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல். ஒஸ்லோவில் நல்ல வெய்யில்.

"ஓம், இறங்கிட்டார்" என்றேன்.

பிறகு பெட்டி வர நேரம் எடுக்கிறது என்றேன். கேள்விப்பட்டவுடனேயே எழும்பிட்டார் என்று முதலில் நானே சொன்னதை மறந்துவிட்டேன், அப்படி ஓடி வந்தவருக்குப் பெட்டி ஏது? பிறகு ரயில் பிந்திவிட்டது என்றேன். தியாகு இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரில் இருக்கிறவன். எயார்போர்ட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். நேசம் தன் போனில் எழுதினாள்: அண்ணை வீடியோவில் எடுக்கிறார், இவருக்குக் கொடுக்கட்டோ? நான் உடனே அறையிலிருந்த ஆஸ்பத்திரி போனுக்கு எடுத்து அவளைப் பிடித்தேன்.

"குடுக்காதையும். அண்ணைக்குப் பின்னால எயார்போர்ட் தெரியும். இன்னும் பாரிசிலதான் நிக்கிறார் எண்டு தெரிஞ்சா இவன் அந்த இடத்திலயே மூச்சை விட்டிடுவான்."

"சத்தத்திலயாவது கதைக்கட்டுமே, மச்சாள்?"

"அண்ணை உண்மையைச் சொல்லிப்போடுவார். நான் சொல்லுறதைக் கேளும்."

நேசம் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நான் சொல்வதைக் கேட்பார்கள். அண்ணை மூன்று முறை எடுத்தார். மூன்று முறையும் அந்தப் போன் அவளுடைய மடியில் அடித்து ஓய்ந்தது. பிறகு அண்ணை என்னை எடுத்தார்.

"ஒருத்தரும் போனைத் தூக்குகினமில்லை. என்ன, முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணை, நித்திரையாம். எழுப்ப வேண்டாமாம்."

"முழிச்சவுடன சொல்லு. எனக்கு அவனோட ஒரு கோவமும் இல்லையெண்டு சொல்லு. பதினொரு வருசமா நான்தான் மடையன் எண்டு சொல்லு." குரல் உடைந்துவிட்டது. எயார்போர்ட்டில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பட்டு வேட்டியோடு ஒரு மனிதன் அங்கே நின்று அழுவதை எத்தனை பேர் பார்த்தார்களோ.

அதை நான் உடனே நேசத்துக்குச் சொன்னேன். அண்ணைக்குக் கோபம் ஒன்றும் இல்லையாம் என்று அவள் அவனுடைய காதில் சொன்னாள். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒஸ்லோவுக்குப் போன ஒரேயொரு உண்மை அதுதான்.

"கோவமில்லாட்டி ஏன் இன்னும் வரேல்லை?" என்றானாம்.

அந்த நேரத்திலாவது உண்மையை உடைத்திருக்க வேண்டும். அண்ணை வரவில்லையடா, பாரிசில் நிற்கிறார், உன்னோடு கதைக்கத் தவிக்கிறார், நான்தான் விடவில்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். வாயெடுத்தேன். ஆனால் அவனுக்காகக் கலியாணத்தையே விட்டுவந்த அண்ணையைத் திருப்பி மணவறையில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். உண்மையில் பயம். சாகப்போகிறவன் முன்னால் பொய்க்காரியாக நிற்கப் பயந்தேன். எட்டு முப்பத்தைந்து வரை தாங்கடா என்று முருகனைக் கூப்பிட்டேன்.

ஆறு இருபதுக்கு அண்ணையின் பிளேன் எழும்பியது. ஆறு நாற்பதுக்குத் தியாகு போய்விட்டான்.

நேசம் அழுதுமுடித்துத்தான் எனக்கு எடுத்தாள். கடைசி நேரம் எப்படி என்று நான் கேட்காமலேயே சொன்னாள். ஐந்து மணிக்குப் பிறகு மாஸ்க்கைக் கழற்றச் சொல்லியிருக்கிறான்.

"அண்ணை வந்திட்டார், வெளியில நிக்கிறார், உள்ள வரத்தான் மனமில்லை எண்டார், மச்சாள். கதவைத் திறந்து விடச் சொன்னார். நான் திறந்து விட்டன். அந்தக் கதவைப் பாத்துக்கொண்டுதான் கிடந்தவர்."

எங்கள் நேரம் மத்தியானம் தாண்டி அரியரத்தினம் வேலையால் வந்து என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் நானாகவே சொன்னேன். காலையில் என் சொல்லை நீ கேட்கவில்லையே என்று அவர் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். அவர் என் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துத் தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு, சாப்பிட்டியோ என்று கேட்டார். அழுகை அப்போதுதான் பெரிதாக வந்தது.

அண்ணை பத்தரைக்கு எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்து. பிளேனால் இறங்கிப் போனைத் திறந்தபோதே செய்தி தெரிந்திருக்கிறது. தம்பியின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எடுக்கிறார். குரல் ஆறுதலாக இருந்தது. வேட்டி முழுக்கச் சந்தனம், இங்கே எல்லாரும் பார்க்கிறார்கள் என்றார். பிறகு கேட்டார்.

"கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ, மலர்?"

ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. வாய் தன்பாட்டில் திறந்தது.

"நீங்கள் வாறியள் எண்டு அவனுக்குத் தெரியும், அண்ணை. சந்தோசமாத்தான் போனவன்."

மறுபக்கத்தில் நேசம் விசும்புவது கேட்டது. அவள் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

"நேசம் எல்லாம் சொல்லிட்டா" என்றார் அண்ணை. "அந்தக் கதவையும் காட்டினவ."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீ இன்னும் நிப்பாட்டேல்லையோ, மலர்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் போனை வைக்கவுமில்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.